மீட்டர் சொல்லாத கணக்கு

"நான் வர்றவரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க, சார்."

பழைய பைக் பார்க்கப் போகிறவர் முதல் நாள் இரவே போனில் சொல்லிவைக்க வேண்டியது இது. மறுநாள் காலை போய் இறங்கியதும், பெயின்ட் பளபளப்பில் கண் போவதற்கு முன்பு, என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த வண்டி சொல்லியிருக்கக்கூடிய முக்கியமான சேதி அன்றைக்குக் கிடைக்காது.

குளிர்ந்த என்ஜினில் ஆயில் அடியில் இறங்கிக் கிடக்கும். உலோகம் இன்னும் விரியாததால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருக்கும். பேட்டரி முழு பலத்தையும் கொடுத்தால்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும். தேய்ந்த டைமிங் செயின் இருந்தால் ஆயில் மேலே ஏறும்வரை சலசலக்கும். வால்வு சீல் பழுதாகி, இரவெல்லாம் ஆயில் உள்ளே சொட்டியிருந்தால் முதல் புகை நீலமாக வரும். பத்து நிமிடம் ஓடிச் சூடாகிவிட்டால் இந்த அடையாளங்களில் பாதி மறைந்துபோகும். காலையில் சைலன்சரில் தெரியும் மெல்லிய வெள்ளைப் புகை மட்டும் பயப்பட வேண்டியதல்ல. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவிதான் அது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே கசிந்து எரிகிறதோ என்று சந்தேகப்படலாம்.

உதாரணத்துக்கு ஒரு கவாசாகி நிஞ்சா 650-ஐ எடுத்துக்கொள்வோம். மேல்நாடுகளில் 'மிடில்வெயிட்' ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் நீண்ட காலம் 600 சிசி, நாலு சிலிண்டர் என்றுதான் அர்த்தம். 1987-ல் வந்த ஹோண்டா சிபிஆர்600எஃப், 1999-ல் வந்த யமஹா ஆர்6 எல்லாம் அந்த ஜாதி. நம் ஊர்ச் சாலைகளில் கண்ணில் படுவதோ பெரும்பாலும் இரட்டை சிலிண்டர் 650. நிஞ்சா 650ஆர் இந்தியாவுக்கு வந்தது 2011-ல். 2017 மாடலில் எஃகுக் குழாய்களைப் பின்னிச் செய்த ட்ரெல்லிஸ் ஃப்ரேமுக்கு மாறியதில் எடை நன்றாகக் குறைந்தது. 649 சிசி, 68 குதிரைத்திறன், டேங்க் நிறையப் பெட்ரோலோடு ஏறக்குறைய 195 கிலோ.

ஸ்டார்ட் ஆனதும் அதன் சத்தமே முதல் பாடம். இரண்டு பிஸ்டன்களும் 180 டிகிரி எதிரெதிர். ஒன்று மேலே ஏறினால் மற்றது கீழே இறங்கும். நாலு ஸ்ட்ரோக்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். முதல் சிலிண்டர் வெடித்து 180 டிகிரியில் இரண்டாவது வெடிக்கும். அதன்பின் 540 டிகிரிக்கு மௌனம். அதனால்தான் ஐடிலிங்கில் 'டப்டப்... டப்டப்' என்று ஜோடி ஜோடியாகத் துடிக்கிறது. முதல்முறை கேட்பவர்கள் ஏதோ மிஸ் ஆகிறது என்று நினைத்துக்கொள்வதுண்டு. நிஜமாகவே ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் ஜோடி கலைந்து ஒற்றைத் துடிப்பாகிவிடும்; என்ஜினிலிருந்து இறங்கும் இரண்டு புகைக் குழாய்களில் ஒன்று மட்டும் சூடேறும்.

இனி டாஷ்போர்டுக்கு வரலாம். அங்கே தெரியும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு, புது பைக்கிலேயே நடந்த ஒரு கதை உண்டு. 2006 மாடல் ஆர்6-ன் என்ஜின் நிமிடத்துக்கு 17,500 சுற்று வரை போகும் என்று யமஹா விளம்பரம் செய்தது. மீட்டரில் சிவப்புக் கோடும் அங்கேதான் இருந்தது. முள் 17,500-ஐத் தொடும்போது என்ஜின் உண்மையில் அதைவிட ஆயிரம் சுற்றுக்கும் மேல் குறைவாகத்தான் சுற்றுகிறது என்பது பிறகு தெரியவந்தது. அதிருப்தி அடைந்த வாடிக்கையாளர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கம்பெனி மீட்டரே கூட்டிச் சொல்லும் என்றால், பழைய பைக்கின் ஓடோமீட்டரைக் குறைத்துச் சொல்லவைப்பது பெரிய வித்தையில்லை. கிலோமீட்டர் கணக்கு இன்று ஒரு சிறிய மெமரி சிப்பில் இருக்கும் எண்தான். அதை மாற்றி எழுதும் கருவிகள் இருக்கின்றன.

ஆனால் சிப்பை மாற்றுகிறவர் செயினை மாற்றி எழுத முடியாது. ஒரு பைக்கின் பாகங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. செயினும் டிஸ்க்கும் ஓடிய தூரத்தைக் கணக்கு வைக்கும். ரப்பரும் பிரேக் ஆயிலும் ஓடினாலும் நின்றாலும் வருடத்தைக் கணக்கு வைக்கும். பேரிங்கும் ஃப்ரேமும் அடிபட்டதை மட்டும் நினைவில் வைத்திருக்கும். பெரிய பைக் வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது நடுவில் உள்ள வருடக் கணக்கைத்தான். பெரிய பைக்குகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள். 'எட்டாயிரம்தான் ஓடியிருக்கு' என்று பெருமையாகக் காட்டப்படும் வண்டி ஏழெட்டு வருடம் சும்மா நின்றதும் ஆகும்.

இருபது கண்ணி, ஒரு ஸ்கேல்

முதலில் செயின். 'செயின் நீண்டுபோச்சு' என்று மெக்கானிக்குகள் சொல்வது வழக்கம். எஃகு அப்படி ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். ஸ்ப்ராக்கெட்டில் ஏறி மடங்கும் ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டும் உரசுகின்றன. தேய்ந்த இடம் வெற்றிடமாகி, அந்த வெற்றிடங்கள் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன.

அளப்பதற்கு ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளமான இரும்பு ஸ்கேல் போதும். நிஞ்சா 650-ல் இருக்கும் 520 ரகச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் 15.875 மி.மீ. செயினை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 21-வது பின்னின் நடுவரை அளந்தால் இருபது கண்ணி. புதுச் செயினில் அது 317.5 மி.மீ. 323-ஐத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்பது கவாசாகியின் கணக்கு. வித்தியாசம் வெறும் ஐந்தரை மில்லிமீட்டர், கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் சொச்சம். முழுச் செயினில் இருக்கும் 114 கண்ணிக்கும் பெருக்கினால் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டும். அந்த நிலையில் செயின் ஸ்ப்ராக்கெட்டின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் ஏறி உட்காரும். பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, கொக்கி போல வளையும்.

இந்த அளவை ஓடோமீட்டரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒழுங்காக லூப் அடித்துப் பராமரித்த செயின் 20,000 கிலோமீட்டரைத் தாண்டி உழைக்கும். மீட்டர் 9,000 என்கிறது, செயின் 322 என்கிறது என்றால் இரண்டில் ஒன்று: செயினுக்கு எண்ணெயே காட்டவில்லை, அல்லது மீட்டர் திரும்பியிருக்கிறது. 9,000 கிலோமீட்டரில் புத்தம்புதுச் செயின் மாட்டியிருந்தாலும், 'ஏன் மாத்துனீங்க?' என்று கேட்டுவிடுவது நல்லது.

டிஸ்க்கும் இதே போலத்தான். எந்தத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பேட் உரசாத விளிம்பில் நகத்தை வைத்து உள்ளே இழுத்தால் படி தட்டும். எட்டாயிரம் ஓடிய வண்டியில் அந்தப் படி நகத்தைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு இருக்கக் கூடாது. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லிவரில் ஷூ உரசும் இடம், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கீறல்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால் அங்கே நின்று விசாரிக்கலாம்.

நின்றாலும் வயதாகும்

டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கம் பார்க்க வேண்டும். இலக்கம் சொல்லும் வருடம் வண்டியின் வருடத்தோடு ஒத்துப்போகிறதா, இல்லை நடுவில் டயர் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. டயருக்கே எவ்வளவு வயதாயிற்று என்று பார்ப்பது இன்னொன்று.

1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது, நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் உண்டாகி அது உறுதியானது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த வேலையை நிறுத்தாமல் தொடர்கிறது. வருடங்கள் போகப் போகப் பாலங்கள் கூடி ரப்பர் விறைக்கிறது. சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களைக் கவ்விப் பிடிக்கும் மென்மை போய்விடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் சொல்லும் தோராயக் கணக்கு. சென்னை மே மாத வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய வண்டியின் டயர் எவ்வளவு வேகமாக முதிரும் என்பதை இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஓசோன் வேறு விதமாகத் தாக்கும். இழுவையில் இருக்கும் ரப்பரை அது வெட்டுகிறது. பக்கவாட்டில் மயிரிழை போலத் தெரியும் வெடிப்புகள் அந்த வேலைதான். இதைத் தடுக்கத்தான் டயரில் மெழுகும் பாதுகாப்பு ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து புதிய படலமாகப் படியும். அசையாமல் நிற்கும் டயருக்கு அந்த வசதி குறைவு. ட்ரெட் முழுசாக இருப்பதாலேயே 'டயர் புதுசு மாதிரி' என்று நம்பிவிடக் கூடாது. மழையில் திருப்பத்தில் சாயும்போது பைக்கைத் தாங்குவது உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

பிரேக் ஆயிலும் வருடக் கணக்குக்காரன். பெயர்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 195 கிலோ வண்டியும் 75 கிலோ ஆளும் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் ஒரு லட்சம் ஜூல். ஒன்றரை டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஏற்காடு மலையிறக்கத்தில் இதே கதை வளைவுக்கு வளைவு நடக்கும். காலிப்பரில் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. லிவர் ஹாண்டில்பார் வரை வந்து முட்டும், வண்டி மட்டும் நிற்காது. ஹாண்டிலில் உள்ள சின்ன டப்பாவில் திரவம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி; டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் யாரும் அதைத் தொட்டு ரொம்ப நாளாயிற்று என்று அர்த்தம்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும் இந்த வகைதான். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் அரை டேங்கோடு நின்ற வண்டியில் துரு பிடிப்பது அங்கிருந்துதான். கடலோர வண்டிக்கு முன் ஃபோர்க்கையும் தடவிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் குரோம் பூச்சில் குண்டூசி முனை அளவு குழி விழும். ஒவ்வொரு முறை ஃபோர்க் அமுங்கும்போதும் அந்தக் குழி ஆயில் சீலின் உதட்டை அரம் போல ராவும். எத்தனை புது சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது.

விழுந்த வண்டி

ஃபேரிங் புதிதாக வாங்கலாம், பெயின்ட் அடிக்கலாம். அதனால் விழுந்த அடையாளத்தை அங்கே தேடுவதில் பயனில்லை. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால் ஃப்ரேமின் கழுத்தில் ஒரு சின்ன முட்டு தடுக்கும். பலமாக விழுந்த வண்டியில் ஹாண்டில் அங்கே போய் மோதியிருக்கும். அந்த முட்டு நசுங்கியிருந்தாலோ, புதிதாக வெல்டு வைத்த தடம் தெரிந்தாலோ, அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

அடுத்தது, மெக்கானிக்குகள் 'கோன் செட்' என்று சொல்லும் கழுத்து பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹாண்டிலை ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்ப வேண்டும். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய ஹாண்டில் நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. 1900-ல் சுவீடனைச் சேர்ந்த யோஹான் ஆகஸ்ட் ப்ரினெல், உலோகங்களின் கடினத்தை அளக்க எஃகுக் குண்டு ஒன்றை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். நெடுஞ்சாலையின் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கும்போதும், வீலிங் அடித்து முன் சக்கரத்தைத் தொப்பென்று போடும்போதும், கழுத்து பேரிங்குக்குள் அதே சோதனைதான் நடக்கிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் குழியும் நேர்நிலையிலேயே விழுகிறது. இந்தப் பழுதுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஃப்ரேம் கோணலா என்று பார்க்க இரண்டு நூல் போதும். பின் டயரின் இரண்டு பக்கமும் உரசியபடி நூலை முன்பக்கம் இழுத்துக் கட்டினால், 160 மி.மீ. அகலப் பின் டயருக்கும் 120 மி.மீ. முன் டயருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு பக்கமும் சமமாக, ஏறக்குறைய 20 மி.மீ. வீதம், இடைவெளியாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 12 என்று வந்தால், பின் ஆக்சில் ஒரு பக்கமாக இழுத்து மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கலாம். அதுவும் நேராக இருந்தால் கோணல் ஃப்ரேமிலோ ஃபோர்க்கிலோ இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடிய வண்டியையும் அடையாளம் காணலாம். ஆயில் ட்ரெயின் போல்ட்டின் தலையில் கம்பி கட்டத் துளை போட்டிருக்கும். ஃபுட்ரெஸ்ட் முனை சாய்வாகத் தேய்ந்திருக்கும். டிராக்கில் ஓடியதே குற்றமில்லை. அப்படி ஓட்டுகிறவர்கள் பலர் ஆயிலை நேரத்துக்கு முன்பே மாற்றுவார்கள். மறைத்தால்தான் யோசிக்க வேண்டும்.

சத்தம் வராத டேப்பட்

'என்ஜின் பாருங்க, பூ மாதிரி சத்தமே இல்ல' என்பது விற்பவர்களின் பிரியமான வசனம். வால்வுகள் விஷயத்தில் சத்தமின்மை எப்போதும் நல்ல சேதி அல்ல. வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே மிகச் சிறிய ஒரு இடைவெளி வைத்திருப்பார்கள்; டேப்பட் இடைவெளி என்பது இதுதான். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து, இடைவெளி குறைகிறது. 'டிக்டிக்' சத்தமும் குறைகிறது. ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாது. எரியும் வாயுவின் சூட்டை வால்வு பெருமளவு கடத்துவதே இருக்கையைத் தொடும்போதுதான். தொடாத வால்வு தன் சூட்டிலேயே வெந்து விளிம்பில் கருகும். இந்த என்ஜினில் இடைவெளியைச் சரிசெய்ய கேம்ஷாஃப்ட்டையே கழற்றித் தகடு மாற்ற வேண்டும். செலவு அதிகம் என்பதால் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. காதால் தீர்ப்பு சொல்ல முடியாத இந்த இடத்தில் சர்வீஸ் பில்லைக் கேட்பதுதான் வழி.

மின்சாரத்துக்கு மட்டும் மல்டிமீட்டர் உடனே பதில் சொல்லும். ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமலும், என்ஜினை 4,000 சுற்றில் வைத்தால் 14 வோல்ட் பக்கமும் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்க்கொண்டிருக்கிறது.

காகிதங்களிலும் தடயம் உண்டு. ஆர்சி புக்கில் உள்ள சாசி எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற வரியைப் பலர் பார்ப்பதில்லை. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் வாங்கினால் பூஜ்யம். பாலிசி இடையில் காலாவதியானாலும் பூஜ்யமாகலாம். ஆறு வருடமாக ஒரே ஆளிடம் இருக்கும், 'கீழேயே போடாத' வண்டிக்கு 20 சதவீதம்தான் என்றால் காரணம் கேட்கலாம். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம், வெளிமாநிலப் பதிவென்றால் படிவம் 28-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது. 29, 30 படிவங்களில் கையெழுத்தானதும், மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு.

இதையெல்லாம் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். 'சிங்கிள் ஓனர் சார், ஷோரூம் கண்டிஷன்' என்று விற்பவர் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர் கையிலோ ஒரு துண்டுச் சீட்டு: செயின் 322. பின் டயர் 2318. பிரேக் ஆயில் டீ நிறம். கோன் செட் நடுவில் தட்டுகிறது. டேப்பட் பில் இல்லை. கழுத்து முட்டு சுத்தம், நூல் இரண்டு பக்கமும் சரி. முதல் ஐந்துக்கும் ஸ்பேர் விலை உண்டு, கூலி உண்டு, கூட்டிக் கழித்துவிடலாம். கடைசி இரண்டும் சரியாக இருப்பதால்தான் பேரம் என்ற ஒன்று தொடங்கவே போகிறது.

சீட்டை வாங்கி மேலிருந்து கீழாக ஒரு முறை படித்துவிட்டு, "சரி தம்பி, நீங்க எவ்வளவு சொல்றீங்க?" என்கிறார் விற்பவர். அதற்குள் என்ஜின் நன்றாகச் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்திருக்கும்.